சங்கிலிக்குக் கேட்பது

வைகாசிக் காலை.
எம்மே ஆறு மலையைக் கரைத்துக்கொண்டு
கலங்கலாய் ஓடுகிறது.
புர்க்டோர்ஃப் பக்கப் பாதையை மூடியாயிற்று.
தார் உரித்த பாலத்தின் முதுகில்
நான் சங்கிலி இழுத்து நடக்கிறேன்.

நல்ல கொங்கிரீட் கணீரென்று பதில் சொல்லும்.
கெட்ட இடம்
பாணின் அடியைத் தட்டினது போலப்
பொக்கென்று முனகும்.
அங்கே குனிந்து நீலச் சோக்கால் ஒரு வட்டம்.
பத்தரைக்குள் பதினேழு வட்டம்.
"இன்னுமா?" என்கிறான் றெட்டோ எக்கிமான்,
பாலத்தைப் பாராமல் செலவுத் தாளைப் பார்த்து.
என்னைக் கேளாதே, சங்கிலியைக் கேள்.

பிறகு துளைப்பான்.
முதல் சென்ரிமீற்றர்த் தூசி ஒரு பையில்,
இரண்டாவது இன்னொன்றில், மூன்றாவது, நான்காவது.
சாம்பல் நிற மாப்பொட்டலங்கள்.
ரயிலில் யாரும் பையைத் திறக்கச் சொன்னால்
விளங்கப்படுத்தி முடியாது.
ஆய்வுகூடம் ஒரு வரியில் எழுதியது:
உப்பு கம்பியைத் தொட்டுவிட்டது.

கம்பிக்குக் கண்ணுக்குத் தெரியாத தோல் உண்டு.
சீமெந்தின் காரம் போர்த்திவிட்டது.
காரம் காக்கும், உப்புக் கெடுக்கும்.
குசினியில் சொன்னால் சிரிப்பார்கள்.
தோல் ஓரிடத்தில் கிழிந்தால் போதும்,
கறள் பிடிக்கும்.
கறள் இரும்பைவிடப் பருமன்.
இடம் கேட்கும். கொடுக்காவிட்டால்
உள்ளேயிருந்து நெம்பும்.

உப்பைப் போட்டது யாரென்று எனக்குத் தெரியும்.

தை மாதத்தில் விடிய மூன்று மணிக்குத்
தொலைபேசி அடிக்க முதலே எழும்புகிறவர்.
செம்மஞ்சள் லொறியில்
சதுர மீற்றருக்குப் பத்துக் கிராம் என்று தூவியபடி
ஓரிரவில் இந்தப் பாலத்தை நாலு தரம் கடக்கிறவர்.
"றோட்டுக்கு முதலே பாலம் உறையும்,
அதுக்குக் கீழேயும் காற்று" என்பார்.
காலையில் வாசலில் அவர் சப்பாத்து
வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும்.
நிமலரூபன். என் கணவர்.

போன மாசியில் ஒருநாள் லொறி பழுது.
நாற்பது நிமிடம் பிந்திவிட்டது.
பேக்கரி வான் ஒன்று வழுக்கி
ஒரு சில்லு ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.
ஓட்டிய செலீனா மற்றக் கதவால் ஊர்ந்து வந்தாள்.
பனியெல்லாம் பணிஸ்.
கைப்பிடிக் கம்பியில் அந்த நெளிவு இன்னும் இருக்கிறது.
அதைத் தாண்டும்போது
சங்கிலியைக் கொஞ்சம் மெல்ல இழுக்கிறேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
பாலத்துக்கும் பொருந்தும்.
அவருடைய பதினொரு குளிர்காலமும்
அவருக்கு முதல் ஓட்டியவர்களின் இருபத்தேழும்
மில்லிமீற்றர் கணக்கில் அதற்கு ஞாபகம்.

உப்புத் தின்றது தண்ணி குடிக்கத்தானே வேண்டும்.
ஆடியில் கொடுத்தோம்.
கல்லை அறுக்கும் வேகத்தில் பாய்ந்த தண்ணி
கெட்டதைத் தின்று
கம்பிகளை விலா எலும்பாய் விட்டுப்போனது.
சில கம்பி சுண்டுவிரல். சில பென்சில்.
வெட்டி, புதிதாய்க் கட்டி, கொங்கிரீட் ஊற்றி,
அது முற்றும்வரை காத்திருந்து,
வானம் வெளித்த ஒரு கிழமையில்
பிசின் பூசி, தீநாக்கால் உருக்கி
கருந்தோலை ஒட்டினோம்,
ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏற.

மழைநீர் இறங்கும் வாயைச் சுற்றி மட்டும்
முழங்காலில் இருந்து
விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.
எப்போதும் அங்கேதான் கள்ளன் நுழைவான்.
றெட்டோ மணிக்கூட்டைப் பார்த்தான்.
பார்க்கட்டும்.
நாளை இதன்மேல் கொதிக்கும் தார் ஓடும்,
பிறகு இந்தத் தோலை
எந்தக் கண்ணும் காணப்போவதில்லை.

கார்த்திகை. முதல் ஸ்நோ.
இருட்டுக்குள் சப்பாத்துக் கட்டுகிறார்.
"உம்மட பாலத்துக்குக் குறைச்சுப் போடட்டே?"
"வேண்டாம்," என்கிறேன் போர்வைக்குள்ளிருந்து,
"அளவாய்ப் போடுங்கோ.
நேற்றுக் கத்தரிக்காயிலதான் கூடிப்போச்சு."